ஊர் மைதானத்திலிருந்து புரோ கபடி வரை: தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆட்டக்காரர்களுக்கு

பென்னாகரம், பாலக்கோடு, ஊத்தங்கரை, பர்கூர் பக்கம் பொங்கல் சமயத்தில் எந்த ஊர் மைதானத்தில் போய் நின்றாலும், புரோ கபடி லீக்கில் ஆடத் தகுதியுள்ள பையன்கள் நாலு பேராவது கண்ணில் படுவார்கள். அவர்களில் பலர் மாவட்டத் தேர்வோடு நின்றுவிடுகிறார்கள். ஆட்டம் போதாததால் நிற்பவர்கள் குறைவு. பிறந்த தேதி ஒரு தாளில் ஒன்று, இன்னொரு தாளில் வேறு. தேர்வு நாள் காலையில் எடை ஒன்றரைக் கிலோ கூடுதல். வாங்காமல் விட்ட சான்றிதழ். 19 வயதில் போன முழங்காலை ஆறவிடாமல் மறுபடி களத்தில் இறங்கியது. பெரும்பாலும் காரணம் இவைதான். எல்லாமே தவிர்க்கக் கூடியவை. ஆட்ட நுணுக்கத்தை உங்கள் பயிற்சியாளர் சொல்லித் தருவார். ஊர் டீமிலிருந்து மாவட்டம், மாநிலம், துறை அணி, லீக் என்று ஏறும்போது எந்தப் படியில் எந்தத் தாள், எவ்வளவு செலவு, எப்போது என்பதை மட்டும் இங்கே பார்ப்போம்.

1. முதலில் ஃபைல்

பிளாஸ்டிக் உறை போட்ட ஃபைல் ஒன்று வாங்குங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், பள்ளி அல்லது கல்லூரியில் போட்டோ ஒட்டி முத்திரை வைத்த போனஃபைடு, பான் கார்டு, வங்கிப் பாஸ்புக், பாஸ்போர்ட், பாஸ்போர்ட் அளவுப் போட்டோ 20. பாஸ்போர்ட் தவிர இத்தனையும் 17 வயதுக்குள் ஒரே ஃபைலில் இருக்க வேண்டும்.

இதில் சிக்கல் வருவது இரண்டு இடத்தில்: பிறந்த தேதி, பெயர்.

பிறந்த தேதியைப் பார்ப்போம். ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வயது குறைகிறது என்று, பள்ளியில் ஜூன் மாதம் ஏதோ ஒரு தேதியைச் சொல்லிச் சேர்த்துவிடும் பழக்கம் நம் பக்கம் நிறைய இருந்தது. பிறப்புச் சான்றில் உண்மைத் தேதி இருக்கும்; பள்ளிப் பதிவேட்டில் ஜூன் இருக்கும்; ஆதாரில் பள்ளித் தேதி ஏறியிருக்கும். தேர்வுக்குழு மேசையில் இரண்டு தாளையும் அருகருகே வைத்தால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் போவதற்கு முன்பே தலைமையாசிரியரிடம் பிறப்புச் சான்றைக் கொடுத்துத் திருத்துங்கள். மதிப்பெண் சான்றிதழ் அச்சாகிவிட்டால் திருத்துவது பெரிய அலைச்சல். ஆதாரில் பிறந்த தேதியை ஒரு முறைதான் திருத்த விடுவார்கள். ஆகவே முதலில் பிறப்புச் சான்று, அடுத்து பள்ளி, கடைசியில் ஆதார் என்ற வரிசையில் போங்கள். வரிசை மாறினால் அந்த ஒரு வாய்ப்பு வீணாகிவிடும். ஆதார் கையில் இருக்கிறதே என்று இருந்துவிட வேண்டாம். அது அடையாளத்துக்கு உதவுமே தவிர, வயதுக்கு உறுதியான சான்று இல்லை.

பிறப்புச் சான்றில் குழந்தையின் பெயரே ஏறாமல் 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருந்தால் உடனே பதிவு அலுவலகம் போங்கள். பெயர் சேர்க்க 15 வயது வரைதான் விதி இடம் தருகிறது. அரசு அவ்வப்போது நீட்டிப்பு தந்திருக்கிறது என்றாலும் அதை நம்பி உட்காரக் கூடாது.

பெயர் விஷயம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கே உரிய தொல்லை. பள்ளியில் 'மு. சதீஷ்', ஆதாரில் 'சதீஷ் முனுசாமி', வங்கியில் 'சதிஷ் எம்'. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று தனிக் கட்டம் வரும். அங்கே இன்ஷியலைப் போடுவதா, அப்பா பெயரைப் போடுவதா என்று குழம்புவார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஆங்கில எழுத்துக்கூட்டல் எப்படி இருக்கிறதோ, அதை மற்ற எல்லாவற்றிலும் எழுத்துக்கு எழுத்து அப்படியே கொண்டு வாருங்கள். ஆதாரில் பெயரைத் திருத்த இரண்டு முறை விடுவார்கள். 'சதீஷ்' என்பதில் ஓர் எழுத்து கூடியதற்காகப் பரிசுத் தொகை வங்கியில் ஏறாமல் திரும்பிப் போவதுண்டு.

நம் இரண்டு மாவட்டத்துக்கு மட்டும் இன்னொரு சிக்கல். கிருஷ்ணகிரி மாவட்டம் தர்மபுரியிலிருந்து பிரிந்தது 2004 பிப்ரவரி 9ஆம் தேதி. அதற்கு முன் ஓசூரிலோ போச்சம்பள்ளியிலோ பிறந்தவரின் சான்றில் 'தர்மபுரி மாவட்டம்' என்றுதான் இருக்கும். சீனியர் தேர்வுக்குப் போகும்போது "நீ எந்த மாவட்டம்?" என்று கேட்பார்கள். இப்போதைய முகவரியைக் காட்டும் இருப்பிடச் சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து முன்கூட்டியே வாங்கிக் கையில் வைத்திருங்கள்.

பாஸ்போர்ட் 18 வயது ஆனவுடன் எடுத்துவிடலாம். 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய்; தட்கல் என்றால் கூட 2,000. பத்தாம் வகுப்பு முடித்தவருக்குக் குடியேற்ற அனுமதி தேவைப்படாத பாஸ்போர்ட் கிடைக்கும், அதனால் மதிப்பெண் சான்றை மறக்காமல் சேருங்கள். போலீஸ் விசாரணைக்கு வரும் நாளில் நீங்கள் முகாமில் இருந்தால் போலீஸ் அறிக்கை பாதகமாகிவிடும். போட்டி இல்லாத மாதமாகப் பார்த்து விண்ணப்பியுங்கள்.

2. எடை

சீனியர் ஆண்களுக்கு 85 கிலோ, பெண்களுக்கு 75 கிலோ உச்சம். ஜூனியர் என்பது 20 வயது வரை. ஜூனியருக்கும் சப்-ஜூனியருக்கும் அந்த ஆண்டுச் சுற்றறிக்கையில் போட்டிருக்கும் எடையும், 'இந்தத் தேதிக்குப் பின் பிறந்தவர்' என்ற வரியும்தான் கணக்கு. போன வருடம் ஆடியவர் வாய்மொழியாகச் சொல்லும் எண்ணை நம்பி முகாமுக்குப் போகாதீர்கள்.

வீட்டு மெஷின் காட்டுவதும் தேர்வு நடக்கும் இடத்தில் மெஷின் காட்டுவதும் அரைக் கிலோ வரை மாறும். சரிபார்க்க எளிய வழி உண்டு. மளிகைக் கடையிலோ அரிசி மண்டியிலோ அரசு முத்திரை வைத்த 20 கிலோ எடைக்கல் இருக்கும். மெஷினை அங்கே கொண்டுபோய்க் கல்லை வையுங்கள். 20.4 காட்டினால் உங்கள் மெஷின் கூட்டிக் காட்டுகிறது. தரை சமமாக இல்லாவிட்டாலும் எண் மாறும் என்பதால் சிமென்ட் தரையில் வைத்துப் பாருங்கள். தினமும் காலையில் கழிப்பறை போய் வந்தபின், சாப்பிடும் முன், அதே டிரவுசரோடு ஏறி நின்று குறித்துக்கொள்ளுங்கள்.

வரம்புக்கு மேல் இருந்தால் வாரத்துக்கு அரைக் கிலோ என்று இறக்குங்கள். நாலு கிலோ குறைக்க எட்டு வாரம். ஸ்வெட்டர் போட்டு ஓடி, தண்ணீர் குடிக்காமல், கடைசி இரண்டு நாளில் இறக்குபவர்கள் எடையில் தேறி ஆட்டத்தில் கோட்டை விடுவார்கள். இரண்டாவது பாதியில் கெண்டைச் சதை பிடித்துக்கொள்ளும். நீர் பிரியும் மாத்திரை போடுவது அதைவிட மோசம். அது ஊக்கமருந்துப் பட்டியலில் இருக்கிறது. நம் ஊர்ச் சாப்பாட்டை விட வேண்டியதில்லை. களியின் அளவைக் குறைத்து, கொள்ளு, முட்டை, கீரையைக் கூட்டினாலே போதும். மாம்பழ சீசனில் மட்டும் கொஞ்சம் கை கட்டிக்கொள்ள வேண்டும்.

3. மண்ணிலிருந்து மேட்டுக்கு

ஊர்ப் போட்டிகள் இன்னும் பெரும்பாலும் மண்ணில். மாநிலப் போட்டி முதல் மேல் எல்லாம் மேட்டில், அதாவது பலகைகளைக் கோர்த்துப் போட்ட செயற்கை விரிப்பில். இந்த மாற்றத்தில்தான் முழங்கால் போகிறது, காரணத்தைப் புரிந்துகொள்ளுங்கள். மண்ணில் வெறுங்காலோடு சட்டென்று திரும்பினால் பாதம் வழுக்கி உடம்போடு சேர்ந்து சுழலும். மேட்டில் ஷூவின் ரப்பர் அடி பிடித்து நின்றுவிடும். பாதம் நிற்கிறது, இடுப்பு திரும்புகிறது, நடுவில் மாட்டுவது முழங்கால். முன்புறக் குறுக்குத் தசைநார், அதாவது ஏ.சி.எல்., கிழிவது இப்படித்தான். யாரும் இடிக்காமலே கிழியும். மண்ணில் கற்ற திருப்பத்தை மேட்டில் அப்படியே போடக் கூடாது. குதிகாலைத் தூக்கி, முன்பாதத்தில் இரண்டு மூன்று சின்ன அடி வைத்துத் திரும்பப் பழகுங்கள். மேட்டுக்கு மாறும் முதல் மூன்று வாரம் முழு வேகம் வேண்டாம்.

அறுவை சிகிச்சை செய்தால் களத்துக்குத் திரும்ப ஒன்பது மாதத்துக்குக் குறையாது. ஐந்தாம் மாதத்தில் வலி இருக்காது, ஓட முடியும், ஊரில் போட்டி நடக்கும், கூப்பிடுவார்கள். பொருத்திய நார் அப்போது முழுப் பலத்துக்கு வந்திருக்காது. மறுபடி கிழிந்தால் இரண்டாவது அறுவை சிகிச்சை. லீக் வாய்ப்பு ஏறக்குறைய முடிந்த மாதிரி. 2022இல் தமிழ் தலைவாஸ் 2.26 கோடி கொடுத்து எடுத்த பவன் ஷெராவத்துக்கு முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடி, அந்த சீசன் முழுக்க வெளியே. பொறுமையாகத் தேறினார். அடுத்த ஏலத்தில், 2023இல், தெலுங்கு டைட்டன்ஸ் 2.605 கோடிக்கு எடுத்தது. ஆறவிட்ட காலுக்கு விலை இறங்குவதில்லை.

மேட் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பெண்களுக்கு 12க்கு 8. ஆண்கள் மேட்டில் நடுக்கோட்டிலிருந்து பாக் லைன் (ரெய்டர் தாண்டியே ஆக வேண்டிய கோடு) 3.75 மீட்டர், அங்கிருந்து போனஸ் கோடு இன்னும் ஒரு மீட்டர், அதற்குப் பின்னால் கடைசிக் கோடு வரை 1.75 மீட்டர். ஊரில் காலடி வைத்து அளந்து சுண்ணாம்பு போடுவார்கள், போனஸ் கோடு அரையடி முன்னாலோ பின்னாலோ விழுந்துவிடும். அந்தக் களத்தில் இரண்டு வருடம் ஆடியவரின் கால், மாநிலத் தேர்வில் போனஸ் கோட்டைத் தொடாமல் காற்றில் நிற்கும். பாயின்ட் கிடைக்காது, ஏன் என்றும் புரியாது. 300 ரூபாய் டேப் ஒன்று வாங்கி உங்கள் ஊர்க் களத்தைச் சரியாகக் கோடு போடுங்கள்.

மேட்டுப் பலகைகள் பல் பல்லாகக் கோர்த்திருக்கும். பழைய மேட்டில் அந்த இணைப்பு மேலெழும்பிக் கால் விரல் மாட்டும். ஆடும் முன் ஒரு முறை நடந்து பாருங்கள், ஈரத் துணியால் தூசியைத் துடையுங்கள். தூசி இருந்தால் ஷூ வழுக்கும்.

கணுக்காலுக்கு 38 மி.மீ. அகல இழுபடாத டேப். பாதம் 90 டிகிரியில் நிற்கட்டும். முடியை மழித்து, வியர்வையைத் துடைத்து, கணுக்காலுக்கு நாலு விரல் மேலே ஒரு சுற்றுச் சுற்றுங்கள். அதன் உள்பக்கத்தில் தொடங்கி, குதிகாலுக்கு அடியில் கொண்டுபோய், வெளிப்பக்கமாக மேலே இழுத்து ஒட்டுங்கள். பாதிப் பாதி மேலே விழும்படி இப்படி மூன்று பட்டை. உள்ளிருந்து வெளியே என்பதுதான் முக்கியம். கணுக்கால் பிசகுவது பெரும்பாலும் உள்பக்கமாக மடங்கித்தான். கட்டியபின் விரல் நுனியை அழுத்தி விடுங்கள். வெளுத்த நிறம் இரண்டு நொடியில் திரும்பாவிட்டால் இறுக்கம் அதிகம், பிரித்துவிடுங்கள்.

4. மாவட்டம், மாநிலம்

ஒரு கிளப்பில் பெயர் இருக்க வேண்டும். அந்தக் கிளப் மாவட்டக் கபடிக் கழகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். இரண்டையும் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கிளப் மாறினால் பழைய கிளப்பிடம் தடையில்லாச் சான்று கேட்டு வாங்குங்கள். சண்டை போட்டுக்கொண்டு வெளியேறுபவருக்கு அந்தத் தாள் கிடைக்காது, ஒரு சீசன் போய்விடும்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, சூளகிரி பிள்ளைகளுக்கு ஓர் எச்சரிக்கை. பெங்களூரு கிளப்புகள் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கூப்பிடும். காசுக்கு ஆடுவதில் தப்பில்லை. ஆனால் அங்கே பதிவுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் கர்நாடக ஆட்டக்காரர் ஆகிவிடுவீர்கள். ஒரே வருடத்தில் இரண்டு மாநிலத்தில் பெயர் இருந்தால் இரண்டும் போகும். இன்னொருவர் பெயரில் ஆடுவது எந்தச் சூழ்நிலையிலும் வேண்டாம். கேடயம் நூறு கிடைக்கும்; ஒரு தடை விழுந்தால் அத்தனையும் வீண்.

அரசு நடத்தும் முதலமைச்சர் கோப்பையைத் தவறவிடாதீர்கள். பள்ளிப் பிரிவு 12 முதல் 19 வயது, கல்லூரி 17 முதல் 25, பொதுப்பிரிவு 15 முதல் 35. பதிவு ஆன்லைனில், கட்டணம் கிடையாது. மாநில அளவில் குழுப் போட்டியில் முதலிடம் வந்தால் ஆளுக்கு 75,000, இரண்டாமிடம் 50,000, மூன்றாமிடம் 25,000. கிளப், கழகம் என்று யாரையும் தெரியாத பையனுக்கு இதுதான் திறந்த வாசல்.

மாநிலத் தேர்வு சென்னையில் என்றால் கிருஷ்ணகிரி நகரில் ரயில் நிலையம் இல்லை என்பதைக் கணக்கில் வையுங்கள். தர்மபுரிப் பக்கத்தார் மொரப்பூரிலும், கிருஷ்ணகிரிப் பக்கத்தார் ஜோலார்பேட்டையிலும் ஏறலாம். முந்தைய நாள் மதியமே போய்ச் சேருங்கள். இரவெல்லாம் பஸ்ஸில் மடங்கி உட்கார்ந்து வந்த காலோடு காலை ஏழு மணிக்கு ரெய்டு போனால் தொடைச் சதை பிடிக்கும்.

5. சான்றிதழ்: அங்கேயே, அன்றே

மெடல் வீட்டில் மாட்ட. வேலைக்கு உதவுவது சான்றிதழ், அதுவும் சரியான படிவத்தில். இந்திய அணிக்கு ஆடினால் படிவம் 1. மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடினால் படிவம் 2, இதில் மாநிலச் சங்கச் செயலாளர் கையெழுத்து. பல்கலைக்கழகங்களுக்கிடையே ஆடினால் படிவம் 3, பல்கலைக்கழக விளையாட்டுத் துறைத் தலைவர் கையெழுத்து. பள்ளிகளுக்கான தேசியப் போட்டி என்றால் படிவம் 4, கல்வித் துறை கையெழுத்து.

போட்டி முடிந்த இடத்தில் கொடுக்கும் வண்ணச் சான்றிதழ் வேறு, இந்தப் படிவம் வேறு. படிவத்தை நிரப்பிக் கையோடு கொண்டுபோங்கள், இரண்டு பிரதி. மூன்று வருடம் கழித்துப் போனால் செயலாளர் மாறியிருப்பார், சங்கத்தில் வழக்கு நடக்கும், பதிவேடு கிடைக்காது. அணிப் பட்டியலின் நகல், ஆட்ட முடிவுத் தாள், செய்தித்தாள் துணுக்கு மூன்றையும் சேர்த்து வையுங்கள். பின்னால் சரிபார்க்கும்போது துறை கேட்பது இவற்றைத்தான்.

6. வேலையும் லீக்கும்

லீக் சம்பளம் வருடத்தில் சில மாதம். குடும்பத்தைத் தாங்குவது வேலை. ரயில்வே, ராணுவம், காவல்துறை, வங்கிகள் விளையாட்டு ஒதுக்கீட்டில் எடுக்கின்றன. தமிழக அரசுப் பணிகளில் 3 சதவீதம் இருக்கிறது. 20 வயதில் லீக் ஏலத்துக்கும் வேலை அறிவிப்புக்கும் ஒரே நேரத்தில் விண்ணப்பியுங்கள். ஒன்று வந்தபின் மற்றொன்று என்று இருப்பவருக்குப் படிவத்தின் காலக்கெடு முடிந்துவிடும். எத்தனை வருடத்துக்குள் ஆடிய சான்றிதழ் செல்லும் என்பது ஒவ்வொரு அறிவிப்பிலும் இருக்கும், அந்த வரியை முதலில் படியுங்கள்.

ரயில்வேயிலோ ராணுவத்திலோ சேர்ந்தால் தேசியப் போட்டியில் அந்தத் துறை அணிக்குத்தான் ஆடுவீர்கள், தமிழ்நாட்டுக்கு அல்ல. லீக்கில் ஆட ஒவ்வொரு சீசனுக்கும் துறையின் தடையில்லாச் சான்று வேண்டும். ஏலத்தில் பெயர் போனபின் கேட்டால் காலம் போதாது. ஏலத்துக்கு விண்ணப்பிக்கும் அன்றே துறைக்கும் எழுதி, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை நகலில் வாங்குங்கள்.

பெண்களுக்கு இந்தப் படி இன்னும் முக்கியம். 2016இல் மூன்று அணிகளோடு பெண்கள் போட்டி ஒன்று புரோ கபடியோடு சேர்த்து நடந்தது, ஆண்களுக்குள்ளதைப் போல ஆண்டுதோறும் தொடரும் லீக்காக அது வளரவில்லை. ஆகவே பெண்களின் பாதை படிவம் 2, துறை அணி, இந்திய முகாம் என்று போகிறது. 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற அணிகளில் இருந்த கண்ணகி நகர் கார்த்திகாவுக்கும் வடுவூர் அபினேஷுக்கும் தமிழக அரசு தலா 25 லட்சம் கொடுத்தது. "பெண் பிள்ளைக்குக் கபடி எதற்கு?" என்று கேட்கும் வீட்டில் இதைச் சொல்லுங்கள்.

7. லீக்கின் வாசல்கள்

2014இல் தொடங்கிய புரோ கபடியில் இப்போது 12 அணிகள். உள்ளே போக இரண்டு வாசல். முதலாவது இளம் ஆட்டக்காரர் வாசல்: 18 முதல் 22 வயது, தேர்வு முகாம் வழியாக அணிகள் எடுத்துக்கொள்ளும். தொகை குறைவு, ஒப்பந்தம் ஒன்றுக்கு மேற்பட்ட சீசனுக்கு இருக்கும். ஆனால் பெரிய பயிற்சியாளரிடம் முழு நேரம் இருக்கலாம், நல்ல பிசியோ கிடைப்பார். நம் மாவட்டப் பையனுக்கு இதுவே சரியான வாசல் என்று தயங்காமல் சொல்லலாம். இதற்குப் பிறந்த தேதியே சாவி, முதல் படியில் அவ்வளவு வற்புறுத்தியது அதனால்தான்.

இரண்டாவது ஏலம். அண்மைச் சீசன்களில் அடிப்படை விலை ஏ பிரிவு 30 லட்சம், பி 20, சி 13, டி 9 லட்சம். ஒவ்வொன்றிலும் ரெய்டர், தடுப்பு, ஆல்ரவுண்டர் என்று தனித் தனி. உங்களை எந்தப் பெட்டியில் போட்டிருக்கிறார்கள் என்று சரிபாருங்கள். ரைட் கார்னர் (தடுப்பு வரிசையின் வலது ஓரம்) ஆடுபவரை ஆல்ரவுண்டர் என்று எழுதிவிட்டால், கார்னர் தேடும் அணியின் கண்ணில் படமாட்டீர்கள். ஒரு அணி ஆட்டக்காரர்களுக்குச் செலவிடக்கூடிய மொத்தப் பணப் பை 5 கோடி. பெரிய ரெய்டர்களுக்கு முதலில் போய்விடும். டி பிரிவு வரும்போது கையில் மிச்சம் இருக்கும் அணிகள் தேடுவது பெரும்பாலும் கவர், கார்னர் என்ற தடுப்பு இடங்களுக்குத்தான். ஊரில் எல்லோருக்கும் ரெய்டு மேல் ஆசை. இரண்டாவது வேலையாக ஒரு பிடியை, கணுக்கால் பிடியோ தொடைப் பிடியோ, ஒழுங்காகக் கற்றவருக்குக் கடைசி நேரத்தில் இடம் கிடைக்கும்.

ஏலத்தில் போகாவிட்டாலும் கதவு மூடவில்லை. சீசன் நடுவில் காயம் பட்டவருக்குப் பதிலாள் தேடுவார்கள். மூன்று நிமிட வீடியோ தயாராக இருக்கட்டும்: முழு மைதானமும் தெரியும்படி, பின்னணிப் பாட்டு இல்லாமல், ஆட்டத்தின் பெயரும் தேதியும் எழுதி, ஜெயித்த ரெய்டோடு மாட்டிய ரெய்டும் இரண்டு சேர்த்து. 2022இல் தொடங்கிய யுவா கபடி சீரிஸ் போன்ற இளையோர் போட்டிகளில் ஆடினால் இந்த வீடியோவும் புள்ளிவிவரமும் தானாகவே கிடைத்துவிடும்.

"டிரயல்ஸுக்கு இடம் வாங்கித் தருகிறேன், 50,000 கட்டு" என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். அணிக்குள் போகப் பணம் கட்டும் முறை எந்த ஒழுங்கான லீக்கிலும் கிடையாது.

8. ஒப்பந்தத்தில் கையெழுத்து

முன்தினம் இரவு தாளைக் கொடுத்து காலையில் கேட்பார்கள். ஆங்கிலத்தில் இருக்கும். ஒரு நாள் அவகாசம் கேட்பது உங்கள் உரிமை. வக்கீலிடம் காட்டி இவற்றை மட்டுமாவது கண்டுபிடியுங்கள்: எத்தனை சீசன், பணம் எத்தனை தவணை, கடைசித் தவணை எப்போது, அணியில் ஆடும்போது அடிபட்டால் அறுவை சிகிச்சை, பிசியோ செலவு யாருடையது, எத்தனை மாதம் வரை, காயத்தில் உட்கார்ந்திருக்கும்போது சம்பளம் உண்டா, நடுவில் விடுவித்தால் என்ன கிடைக்கும், ஊர்ப் போட்டியில் ஆடலாமா. கடைசிக் கேள்வியில் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். பொங்கலுக்கு ஊருக்கு வந்து நண்பர்களுக்காக ஒரு ஆட்டம் ஆடி, கை உடைந்து, ஒப்பந்தமும் போய்விடும்.

பணக் கணக்கு இப்படி. 9 லட்சம் என்று பேசினால் 10 சதவீதம் வரி பிடித்து 8,10,000 வரும். பான் கொடுக்காவிட்டால் 20 சதவீதம், 7,20,000தான். ஏஜென்டுக்கு 10 சதவீதம் எழுதிக் கொடுத்திருந்தால் இன்னும் 90,000 போகும். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரி இல்லை என்பதால், வேறு வருமானம் இல்லாதவர் கணக்குத் தாக்கல் செய்தாலே அந்த 90,000 வரியைத் திரும்பப் பெறலாம். தாக்கல் செய்யாமல் விடுபவர்கள்தான் அதிகம். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு பற்றி ஆடிட்டரிடம் கேளுங்கள்.

9. மருந்து

தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான நாடா, முகாமிலும் போட்டியிலும் சிறுநீர் எடுக்கும். உடம்பில் இருந்தால் நீங்கள்தான் பொறுப்பு. யார் கொடுத்தார்கள், தெரிந்து குடித்தீர்களா என்பது பின்னால். ஸ்டீராய்டு பிடிபட்டால் நாலு வருடம் வரை தடை, 20 வயதுக்காரருக்கு அது முழு ஆட்ட வாழ்க்கை. ஆட்டத்துக்கு முன் 'தெம்புக்கு' என்று போடும் மெஃபென்டர்மைன் ஊசி தடைப் பட்டியலில் இருக்கிறது, இதயத்தையும் அடிக்கும். ஜலதோஷ மாத்திரையில் உள்ள சூடோஎஃபெட்ரின் போட்டி நாளில் அளவு தாண்டினால் சிக்கல். எந்த டாக்டரிடம் போனாலும் "நான் டோப் டெஸ்டுக்கு உட்பட்ட ஆட்டக்காரர்" என்று முதலில் சொல்லுங்கள், சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். ஆஸ்துமா போன்ற நோய்க்குத் தடை மருந்து அவசியம் என்றால் முன்னரே மருத்துவ விலக்குக்கு விண்ணப்பிக்க முறை இருக்கிறது. ஜிம்மில் டப்பாவைப் பிரித்துப் பொட்டலமாகக் கொடுக்கும் பவுடரைத் தொடவே வேண்டாம்.

10. வெளிநாட்டு அழைப்பு

கனடா, இங்கிலாந்துப் போட்டிகள் பெரும்பாலும் வட்டக் கபடி. நம் ஆட்டத்திலிருந்து விதியும் களமும் வேறு. அழைப்பு வந்தால் இந்தியக் கபடிக் கூட்டமைப்பின் அனுமதித் தாளைக் கண்ணால் பார்த்தபின் பாஸ்போர்ட்டைக் கொடுங்கள். 2020 பிப்ரவரியில் பாகிஸ்தானில் நடந்த வட்டக் கபடி உலகக் கோப்பைக்கு இந்தியா என்ற பெயரில் ஓர் அணி போனது. தாங்கள் அனுப்பவில்லை என்று கூட்டமைப்பு சொல்லிவிட்டது. விசா எந்த வகை, திரும்பும் டிக்கெட் யார் பெயரில், காப்பீடு உண்டா என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வேண்டும். இந்திய அணியில் தேர்வாகிப் பயணச் செலவுக்குப் பணம் இல்லை என்றால், தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளைக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம்; தேர்வுக் கடிதம் வந்த அன்றே செய்யுங்கள்.

11. அணி மாறும்போது

லீக் ஆட்டக்காரர் ஒரே அணியில் இருப்பது அபூர்வம். பவன் பெங்களூரிலிருந்து குஜராத், மறுபடி பெங்களூர், பிறகு தலைவாஸ், டைட்டன்ஸ் என்று போனவர். நம் தமிழ்நாட்டுத் தர்மராஜ் சேரலாதன் 40 வயதை ஒட்டி 2016இல் பாட்னா பைரேட்ஸுக்குத் தலைவராகக் கோப்பை வாங்கிக் கொடுத்து, பின்னும் பல அணிகளுக்குப் போய் ஆடினார். விடுவித்தார்கள் என்றால் ஆட்டம் போய்விட்டது என்று மனம் உடைய வேண்டியதில்லை. பையில் பணம் சேர்க்க நல்ல ஆட்டக்காரரையும் விடுவார்கள்.

கிளம்பும் முன் அணியிடம் வாங்க வேண்டியவை: விடுவிப்புக் கடிதம், பாக்கித் தொகைக்கு எழுத்து உறுதி, வரி பிடித்தம் செய்த சான்று, எல்லா எம்.ஆர்.ஐ. படங்களும் பிசியோ குறிப்பும், உங்கள் ஆட்ட வீடியோக்கள். எம்.ஆர்.ஐ. படம் உங்களிடம் இல்லாவிட்டால் அடுத்த அணியின் மருத்துவப் பரிசோதனையில் பழைய காயத்தைப் புதிது என்று நினைத்துத் தள்ளிவிடலாம். ஆடும் காலத்திலேயே நடுவர் தேர்வு எழுதி வையுங்கள். ஆறு வாரப் பயிற்றுநர் சான்றிதழ் வகுப்பைச் சீசன் இல்லாத நேரத்தில் முடிக்கலாம். பாட்டியாலா என்.ஐ.எஸ். (தேசிய விளையாட்டு நிறுவனம்) பயிற்றுநர் டிப்ளமோவுக்கு ஓராண்டு ஒதுக்க வேண்டும், அதற்கான சேர்க்கைக்கும் விளையாட்டுச் சான்றிதழ் கேட்பார்கள்.